கோச் புரட்டிப் பார்த்த ஷூ

எங்கள் ஊர்க் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு இருபத்திரண்டு வருடங்களாக ஒரே கோச். பதினான்கு கோப்பைகள். இளவயதில் முட்டி போய் ஆட்டத்தை விட்டவர். இன்றும் ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார். அவரிடம் ஆடிய ஆறு பேர் தேசிய அணிக்குப் போனார்கள். ஏழாவது என் அக்கா என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

பத்தாவதோடு நின்றுவிட்ட நான் அந்த உள்ளரங்கில் தரை துடைக்கிறேன். யாரும் என்னைக் கவனிப்பதில்லை. நான் எல்லோரையும் கவனிப்பேன்.

இறுதி ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கோச் ஷூ ரேக்கின் முன் குனிந்திருந்தார். அக்காவின் ஷூவைப் புரட்டி, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். என் வாளிச் சத்தம் கேட்டதும் சட்டென்று வைத்துவிட்டார்.

அவருடைய மகளும் அக்காவின் இடத்தில் ஆடுபவள்தான். பெஞ்சில் உட்கார்ந்தே மூன்று வருடம் போயிற்று. எனக்குப் பொறி தட்டியது. அக்கா வழுக்கி விழ எதையோ தடவுகிறார்.

அக்காவிடம் சொன்னேன்.

“தொட்டாராடி, மோந்தாரா? மோந்திருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரில கெடப்பாரு.”

“சிரிக்காதக்கா.”

“போடி, உனக்கு நிழலப் பாத்தாலும் சந்தேகம்.”

எங்கள் இருவருக்கும் ஒரே அளவு, ஒரே மாதிரி ஷூ. அன்று பயிற்சி முடிந்ததும் அவளுடையதை அலமாரியில் பூட்டிவிட்டு, என்னுடையதை ரேக்கில் வைத்தேன். மறுநாள் மதியம் கோச் அதையும் புரட்டினார். வெகுநேரம் பார்த்தார். மாலையில் இறுதி ஆட்டத்தில் இறங்கும் ஐந்து பேரின் பெயரை வாசித்தார். அக்காவின் பெயர் இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இறுதி ஆட்டத்தில் அவள் எம்பிப் பந்தைப் போட்டுவிட்டு இறங்கினாள். எழுந்திருக்கவில்லை. வலது முட்டி. கோப்பை பதினைந்தானது.

இனி ஆடுவது கஷ்டம் என்றார் டாக்டர். ஒரு மாதமாகவே வலி இருந்ததாம். “சொன்னா உக்கார வச்சிருவாரும்மா,” என்று அக்கா அழுதாள்.

ஆஸ்பத்திரி நடையில் கோச் அம்மாவிடம் சொன்னார்: “எனக்கும் டவுட் இருந்துச்சும்மா. வலிக்கிற கால ஊனாம இறங்கினா ஒரு ஷூ மட்டும்தான் தேயும். அதப் பாத்துதான் எப்பவும் ஆள எடுப்பேன். இவள நிறுத்தணும்னுதான் இருந்தேன். மறுநாள் பாத்தா ரெண்டும் ஒண்ணு போல இருந்துச்சு.”

நான்தான் அக்காவை விழவைத்தேன். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. என் ஷூ ஒருமுறைகூட எம்பியதில்லை. குதிகால் மட்டும் தேய்ந்தது, சோப்பு நுரையில் வெளுத்தது. அவர் கண்ணுக்கா அது தெரியாது?

“ஒரே நாள்ல எப்படி சார் மாறும்?” என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், “பொண்ணப் பாத்துக்கங்கம்மா,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அது யாருடைய ஷூ என்று அவர் கேட்கவே இல்லை.