குலம் காத்த நீதியரசர்

ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான கோட்டையூருக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் பால் வாங்கப் போனால் பேருந்து நிறுத்தத்தில் என் முகம். ஆளுயர பிளெக்ஸ். கறுப்பு அங்கியில் நான். தலைக்கு மேல் ‘குலம் காத்த நீதியரசரே, வருக!’ பாண்டீஸ்வரன் என்ற என் பெயருக்குப் பின்னால், எந்தத் தீர்ப்பிலும் நான் போடாத சாதிப் பட்டம். கீழே கூலிங் கிளாஸ் போட்டுக் கும்பிடுகிற வரிசையில் முதல் ஆள் மாயக்கண்ணன்.

உத்தியோகம் முழுக்கக் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகாமல், சொந்தக்காரன் எவனையும் வாசற்படி ஏறவிடாமல் இருந்தவன் நான். திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். அப்படி இருந்தும் இந்த அசிங்கம்.

மாயக்கண்ணன் என் கடைசிக் கொலை வழக்கின் குற்றவாளி. சட்டப்படி அப்படிச் சொல்லக் கூடாது. நான்தான் அவனை விடுதலை செய்தேன். ஒக்கூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், டீக்கடை பெஞ்சில் தனக்குச் சமமாக உட்கார்ந்தான் என்று மருது என்ற பையனை வெட்டிக் கொன்றதாக வழக்கு. கண்ணால் பார்த்த ஒரே சாட்சி மருதுவின் தாய் ராக்காயி. போலீசிடம் எல்லாம் சொன்னவள், கூண்டில் ஏறி, “இருட்டுல யாருன்னு தெரியலங்கய்யா” என்றாள். பயப்படாமல் சொல்லம்மா என்று நானே கேட்டேன். என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வேறு ஆதாரம் இல்லை. விடுதலை என்று எழுதினேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் எவனுக்கும் வளையாமல் எழுதினோம் என்ற நிம்மதி இருந்தது. இத்தனை வருடத்தில் நான் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்குத் திரும்பினால், தாம்பாளத்தில் பழமும் சால்வையுமாக மாயக்கண்ணனே நிற்கிறான்.

“மாமா, நம்மாளு நீங்க. விட்டுக்குடுத்துருவீகளா?”

“எவன்டா ஒனக்கு மாமா? சாட்சி இல்லாமத்தான் விட்டேன்.”

“தெரியும் மாமா. வெளிய அப்படித்தேன் சொல்லணும்.” கண்ணடித்தான்.

தாம்பாளத்தைத் தட்டிவிட்டேன். ஆப்பிள்கள் சாக்கடைக்கு உருண்டன. அதற்கும் சிரித்தான். நான் நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டான், நாய்.

அந்த ஆத்திரத்தோடேயே பஸ் ஏறினேன். ராக்காயிக்காவது உண்மை தெரிய வேண்டும். அவள் வாசலில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, இங்குட்டு எதுக்கு வந்தீக?”

“என் படத்தைப் போட்டு பேனர் வச்சிருக்கானுக. அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லம்மா. நான் எவனுக்காகவும் தீர்ப்பு எழுதல.”

“நீங்க அவுக ஆளுன்னு கேசு நடக்கும்போதே சொன்னாகய்யா. ‘ஜட்ஜு எங்க மாமா. நீ வாயத் தொறந்தாலும் எங்கள விட்டுருவாக. அப்புறம் ஒம்மக இந்தத் தெருவுலதேன் நடக்கணும்’னாக. கூண்டுல ஏறி ஒங்க மொகத்தப் பாத்தேன். நெசமாத்தேன் இருக்கும்னு நெனச்சேன்.”

என் முகத்தில் அப்படி என்ன பார்த்தாள்?

“பொய்யும்மா. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆயுள் தண்டனை குடுத்திருப்பேன்.”

குழையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“மாயக்கண்ணந்தேன் வெட்டுனான். இந்தக் கண்ணால பாத்தேன். சொல்லிட்டேன்ல? குடுங்கய்யா.”