ஊசியக்கா கொடுத்த நம்பர்

ஊசியக்காவுக்கு ஊரில் எல்லாருடைய சர்க்கரையும் தெரியும். தன்னுடையது மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு மனசில்லை என்று சொல்வதுதான் நியாயம். இருபத்திரண்டு வருடமாக ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கையில் ஊசியைக் குத்திக்கொண்டே, "இனிப்பைக் கொஞ்சம் குறைங்க" என்று அறிவுரையும் சேர்த்துக் கொடுப்பாள். அப்புறம் திரைக்குப் பின்னால் போய், மயக்கம் வருகிறவர்களுக்காக வைத்திருக்கும் க்ரீம் பிஸ்கட்டில் நாலை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். இந்த எட்டு மாதத்தில் அங்கே மயங்கி விழுந்தவர்கள் மூன்றே பேர். தீர்ந்த பிஸ்கட் பாக்கெட், ஐயோ, அதைக் கேட்காதீர்கள்.

அதென்ன எட்டு மாதம் என்றால், எல்லாம் தங்கையால் வந்தது. தங்கை மகளின் பிறந்தநாளன்று ஊசியக்கா மூன்றாவது துண்டு கேக்குக்குக் கை நீட்டினாள்.

"போதும்க்கா. தினமும் ரத்தம் எடுக்கிற ஆளு நீ, உனக்கே நான் சொல்லணுமா?" என்றாள் தங்கை, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும்.

ஊசியக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். இனி அவளாகப் பேசட்டும் பார்க்கலாம் என்று வைராக்கியம். போகிற வழியில் முழுசாக ஒரு கேக் வாங்கித் தனியாகத் தின்று தங்கையைப் பழிவாங்கினாள். தங்கைக்கு அது தெரியாது என்பது ஒன்றுதான் அந்தப் பழிவாங்கலில் இருந்த குறை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே கூத்து. போனை எடுப்பாள், தங்கையின் நம்பர் வரைக்கும் போவாள், ரோஷம் வந்து குறுக்கே நிற்கும். போனை வைத்த கை சும்மா இருக்காது, ஃப்ரிட்ஜைத் திறக்கும். ஐஸ்கிரீம் டப்பாவின் அடி தெரிகிற வரைக்கும் ஓயாது. வயிறு நிரம்பிவிடும். தங்கையோடு பேசவேண்டும் என்ற ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கும்.

சில வாரமாக ஓயாத தாகம். ஏசி காற்றில் உட்கார்ந்தால் அப்படித்தான் என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டாள். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அடுத்த நிமிடமே ஊசியை எடுத்திருப்பாள். கடைசியில் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் சொந்தப் பெயரில் டெஸ்ட் எடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை. ரிப்போர்ட் பார்க்கிற ரூல்ஸ் சார் கண்ணில் பட்டுவிடுமே. அவருக்கு ரூல்ஸ் என்றால் ரூல்ஸ்தான், அந்தப் பட்டமே அதனால் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில், கூட்டம் சேர்வதற்கு முன்னால், தன் கையில் தானே குத்திக்கொண்டாள். கம்ப்யூட்டரில் வாய்க்கு வந்த ஒரு பெயரைப் போட்டாள். போன் நம்பர் இல்லாமல் அது மேற்கொண்டு நகராது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்திலேயே ஒன்றுதான். யோசிக்காமல் விரல் அதையே தட்டிவிட்டது. ட்யூபை மெஷினில் வைத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது ரூல்ஸ் சார் அப்போதுதான் போனை வைத்தார்.

"ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை முந்நூத்தி முப்பது. உடனே சொல்லிட்டேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"கொடுத்திருந்த நம்பர்லதான். முந்நூறைத் தாண்டினா உடனே போன் பண்ணணும்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க."

சுவரைக் காட்டினார். அவள் கையெழுத்துதான். சிவப்பு மையில் அடியில் இரண்டு கோடு வேறு இழுத்து வைத்திருந்தாள்.

ஊசியக்கா கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள். முந்நூற்று முப்பது பெரிய ஆபத்துதான், அது அவளுக்குத் தெரியாதா? ஆனால் அதைவிட அந்த போன் நம்பர்தான் அவளைப் பயமுறுத்தியது. எட்டு மாதம் கட்டிக்காத்த வைராக்கியத்தைத் தானே தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். இப்படி ஒரு கெட்டிக்காரி எங்கே கிடைப்பாள்?

பையிலிருந்த போன் அடித்தது. தங்கைதான்.

"அக்கா, எவளோ ஒருத்திக்கு முந்நூத்தி முப்பதாம். கேள்விப்படாத பேரு. ஆனா என் நம்பர், உன் லேப். நீதானே?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "ஆமாடி" என்று வந்தது.

"வெறும் வயித்துலயா எடுத்தே?"

"வெறும் வயிறுதான்." கொஞ்சம் இழுத்தாள். "ஆறு மணிக்கு நாலு க்ரீம் பிஸ்கட். பயமா இருந்துது, அதான்."

அந்தப் பக்கம் தங்கை சிரித்தாள். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. அப்பாவும் இதுலதானே போனாரு. நீ அந்தத் துண்டை எடுத்ததும் எனக்கு அப்பா கைதான் தெரிஞ்சுது. உனக்கும் ஏதாவது ஆயிட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

ஊசியக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அவள் அதை அவமானம் என்றே நினைத்துத் தின்று தீர்த்தாள். தங்கை பயந்துபோய்ச் சொன்னாள் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"நான் கிளம்பிட்டேன், இப்பவே டாக்டர்கிட்ட போறோம். வரும்போது என்ன வாங்கிட்டு…" பழக்கதோஷத்தில் ஆரம்பித்த தங்கை சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் வேணாம்டி," என்றாள் ஊசியக்கா. "நீ வா."