மலையாண்டிக்கு ஒரு முடிவுரை

செலக்‌ஷன் பரீட்சையின் தமிழ் இரண்டாம் தாளைத் திருத்த உட்கார்ந்த அமிர்தவல்லி டீச்சருக்குப் பாதிக் கட்டு தாண்டுவதற்குள் வெறுத்துப் போயிற்று. 'என் வாழ்வில் மறக்க முடியாத நாள்' என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மறக்க முடியாத நாள் ஒன்றே ஒன்றுதான். அத்தனை பேரின் தம்பியும் காவிரி வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிருந்தான். அத்தனை தம்பிக்கும் பெயர் பாபு.

புதுக்கோட்டைச் சீமையில் காவிரிக்கு எங்கே போவது? கண்மாயையும் ஊருணியையும் வானத்தையும் பார்த்துக் கிடக்கிற பூமி இது. அழகுமலை வீட்டுக்கு ஒரே பிள்ளை, அவனுக்கும் ஒரு பாபு செத்திருந்தான். அடைக்கலமேரிக்கு நாலு அக்கா, தம்பி என்ற பேச்சே கிடையாது, அவளுக்கும் பாபு. இன்னொரு புண்ணியவான் அவசரத்தில் 'மேலும் விவரங்களுக்கு அடுத்த பக்கம் காண்க' என்பதையும் சேர்த்து எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருந்தான். சீ, இதையெல்லாம் படித்து மார்க்குப் போடுவதற்கா பி.ஏ. படித்தோம் என்று சிவப்புப் பென்சிலை விசிறி எறிந்தாள் அமிர்தவல்லி.

எல்லாம் ஜெயமணி நோட்ஸ் செய்த வேலை. தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சரித்திரம், விஞ்ஞானம் என்று எல்லாப் பாடத்தையும் ஒன்றாய்ப் போட்டுத் தைத்த புத்தகம் அது. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். அட்டையில் 'அனுபவமிக்க ஆசிரியர் குழு' என்று போட்டிருக்கும். அந்தக் குழுவில் ஆள் ஒருவர்தான்: அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ரெங்கராஜ். ஊர் ஊராய் வருகிற பழைய நோட்ஸுகளைக் கத்தரித்து, பசை தடவி ஒட்டி, சம்சாரத்தின் பேரில் அச்சடித்து விடுவார். காவிரிப் பாபுவும் அப்படி எந்த ஊர் நோட்ஸிலிருந்தோ மிதந்து வந்தவன்தான்.

அச்சடித்ததோடு நின்றாலாவது தேவலையே! சாயங்காலம் கடைசி மணி உருப்போடும் மணி என்று அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். வகுப்பு லீடர் ஒரு வரியைச் சொல்ல, மற்றப் பிள்ளைகள் அதையே கத்த வேண்டும். அர்த்தம் கேட்கப்படாது. பரீட்சையில் நோட்ஸில் உள்ளபடி எழுதாதவனுக்குப் பாதி மார்க்கு. செலக்‌ஷன் பரீட்சையில் அப்படிப் பாதி வாங்கினவனைப் பள்ளியிறுதிப் பெரிய பரீட்சைக்கு அனுப்பவே மாட்டார். தேறுகிறதுகளை மட்டும் அனுப்பினால்தானே, 'எங்கள் நோட்ஸ் படித்தவர் அனைவரும் பாஸ்' என்று அட்டையில் போடலாம்! அந்த மணியில் மட்டும் அமிர்தவல்லி வராந்தாவின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்தக் கத்தலைக் கேட்கவே அவளுக்குப் பிடிக்காது.

மறுபடி பென்சிலை எடுத்துத் திருத்தியபோதுதான் செவந்தியின் தாள் வந்தது.

செவந்தி கொடும்பாளூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அப்பா இல்லை. அம்மா ராக்காயி கூலிக்கு நடவும் களையும் போகிறவள். நோட்ஸ் வாங்க அவளுக்கு வழியில்லை. ஐப்பசியில் அந்தப் பெண்ணின் தம்பி கண்மாயில் போய்விட்டான் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். சாவுத் துட்டி முடிந்து வகுப்புக்குத் திரும்பி வந்தவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை யாரிடமும் பேசவில்லை. இப்போது எழுதியிருந்தாள்.

'என் தம்பி பெயர் மலையாண்டி. கோடையில் வண்டல் அள்ளிய வண்டிக்காரர்கள் கண்மாய்க்குள் பெரிய குழி போட்டிருந்தார்கள். மழை பெய்து தண்ணீர் நின்றதும் குழி தெரியவில்லை. எருமையைக் குளிப்பாட்டப் போனவன் அதில் இறங்கிவிட்டான். எருமை மட்டும் வீட்டுக்கு வந்தது. அம்மா நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். காலையில் அவனுக்கென்று மூடி வைத்த கூழ் அப்படியே இருந்தது. அது புளித்து நாறிய பிறகும் அம்மா கொட்ட விடவில்லை.'

அவ்வளவுதான். அதற்குமேல் எழுத அவளுக்கு ஒன்றும் இருந்திருக்காது.

அமிர்தவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு பதினைந்துக்குப் பதின்மூன்று போட்டாள். இரண்டே நாளில் தாள் ஹெட்மாஸ்டர் கைக்குப் போய், பதின்மூன்று அடிபட்டு ஆறரையாகித் திரும்பி வந்தது. பக்கத்தில் பச்சை மையில் 'முன்னுரை இல்லை. முடிவுரை இல்லை. நோட்ஸ்படி இல்லை' என்று எழுதியிருந்தார். அந்த மார்க்குக்குச் செவந்தி செலக்‌ஷனில் நிற்கமாட்டாள். நிற்காவிட்டால் அவளும் தாய் கூடவே நடவுக்குப் போகவேண்டியதுதான். வேறு கதியில்லை.

அமிர்தவல்லி தாளை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள். ரெங்கராஜ் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மேஜை நிறையக் கத்தரித்த காகிதம், பசைச்சட்டி.

"சார், இந்தப் புள்ளைக்கு மார்க்கைக் கொறைச்சிருக்கீங்க."

"நோட்ஸ்படி எழுதலையே டீச்சர்."

"படிச்சுப் பாத்தீங்களா, பாக்காமலே போட்டீங்களா?"

"முடிவுரை இருக்கான்னு கடைசியில பாத்தேன். இல்ல."

"இப்பப் படிங்க சார். நான் இங்கனயே நிக்கிறேன்."

அவளுடைய குரலில் இருந்த சூட்டுக்கு அவர் வாயை மூடிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க மெல்லுவது நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பரவாயில்லையே, இந்த மனுஷனுக்குள்ளும் ஈரம் இருக்கிறதே என்று அமிர்தவல்லி நினைத்தாள். பாவம், நினைத்துவிட்டாள்.

"நல்லா இருக்கு டீச்சர். ரொம்ப நல்லா இருக்கு," என்றார் அவர். "இது நம்ம அடுத்த எடிஷன்ல வந்தாகணும். பாபு பழசாப் போயிட்டான். மத்த ஸ்கூல்லயும் அவனையே எழுதுறாங்கன்னு கம்ப்ளைண்டு."

அமிர்தவல்லி மேஜைமேல் கையை ஊன்றினாள். "என்ன சார் சொல்றீங்க? செத்துப்போன புள்ள சார் அது! கண்மாயில போன புள்ள!"

"அதான் சொல்றேன். உண்மை மாதிரியே இருக்கு. கட்டுரையைக் குடுக்கச் சொல்லுங்க, செவந்தியை நான் செலக்ட் பண்ணிடுறேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன். முடிவுரை மட்டும் இல்ல பாருங்க, அதை நான் பாத்துக்குறேன்."

தூ என்று அவர் முகத்தில் துப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். துப்பினால் செவந்தியை யார் பரீட்சை எழுத வைப்பார்கள்? எச்சிலை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும், தண்ணீரில் கவனம் வேண்டும் என்று வழக்கமான எதையாவது கடைசியில் ஒட்டுவார், ஒட்டித் தொலையட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

செவந்தியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் தாவணி முனையைத் திருகிக்கொண்டே கேட்டது. கடைசியில், "தம்பி பேரு வருமா டீச்சர்?" என்றது.

"வரும்னு நெனைக்கிறேன்."

"அப்பக் குடுத்துருங்க. அவன் பேரு ஒரு எடத்துலயும் எழுதி இல்ல டீச்சர். பள்ளியோடத்துல கூடச் சேக்கல அவனை. புத்தகத்துல வந்தா ஆத்தா சந்தோசப்படும்."

ஹெட்மாஸ்டரும் தாராளமாய்ச் சம்மதித்தார். பேரும் இருக்கட்டும், உண்மை மாதிரித் தெரியும் என்றார். அந்த 'மாதிரி' என்ற வார்த்தையை அவர் வாயிலேயே வைத்துத் தைத்துவிடலாமா என்று வந்தது அமிர்தவல்லிக்கு.

சொன்னபடி செலக்ட் பண்ணினார். செவந்தி பரீட்சை எழுதிப் பாஸானாள். திருச்சியில் டீச்சர் ட்ரெயினிங் பள்ளியில் இடமும் கிடைத்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஜூன் மாதம் புது நோட்ஸ் வந்தது. அமிர்தவல்லிக்கென்று ஒரு பிரதியைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, 'அன்பளிப்பு' என்று எழுதிக் கொடுத்தனுப்பினார் ரெங்கராஜ். அவள் அதைப் பிரிக்கவே இல்லை. தொட்டால் கை கழுவ வேண்டும் என்று அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டாள். அவளுக்கு அப்படி ஓர் அருவருப்பு. அந்த அருவருப்பை ஒதுக்கிவைத்து ஒரே ஒரு பக்கம் புரட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம் ராக்காயி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மடியில் புதுக் கடலை, பிடுங்கின மண் இன்னும் காயவில்லை. கடைசி மணி நேரம். வராந்தாவின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த அமிர்தவல்லி எழுந்து வந்தாள்.

"வாங்கம்மா, செவந்தி நல்லா இருக்கா?"

"இருக்கா டீச்சர், காயிதம் போட்டுருக்கா. எல்லாம் ஒங்க புண்ணியம். அவிச்சுத் தின்னுங்க, எளங்கடலை." ராக்காயி மடியைப் பிரித்துக் கொட்டப் போனவள் அப்படியே நின்றாள்.

பதினோராம் வகுப்பிலிருந்து கத்தல் கேட்டது. லீடர் பையன் சொன்னான், மொத்த வகுப்பும் கூடவே சொன்னது:

"என் தம்பி பெயர் மலையாண்டி!"

ராக்காயியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆத்தாடி! எம்புள்ள பேரு டீச்சர்! செவந்தி சொன்னா, புத்தகத்துல போட்டுருக்காகன்னு. நான் நம்பல. இம்புட்டுப் புள்ளைகளும் சொல்லுதுகளே!"

அமிர்தவல்லி அவள் கையைப் பிடித்தாள். "வாங்கம்மா, அங்கிட்டு ரூமுக்குப் போவோம்." ராக்காயி அசையவில்லை. ஜன்னலை ஒட்டி நின்று காதைக் கொடுத்தாள். எருமை மட்டும் வீட்டுக்கு வந்தது என்றார்கள் பிள்ளைகள். சேற்றுக் காலோடு ஓடி வந்தாள் என்றார்கள். ராக்காயி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். கூழ் புளித்து நாறிய பிறகும் என்று அவர்கள் ராகம் போட்டு இழுத்தபோது முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். அழுதாள், ஆனாலும் அந்த அழுகையில் ஒரு நிறைவு இருந்தது. செத்தவனைப் பற்றி இத்தனை வாய் பேசுகிறதே என்ற நிறைவு.

அப்புறம் லீடர், "முடிவுரை!" என்றான்.

"முடிவுரை!" என்றது வகுப்பு.

"இதனால் நாம் அறிவது யாதெனில்! மலையாண்டியின் சாவுக்கு அவனைப் பெற்ற தாயின் கவனக்குறைவே காரணம்! கூலிக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையைத் தனியே விட்டாள்! பெற்றோர் இதைப் படித்துத் திருந்துவார்களாக!"

அந்தப் பச்சை மையை, அந்த வெற்றிலை வாயை, எல்லாவற்றையும்விடப் பிரிக்காமல் அலமாரியில் எறிந்த தன் புனிதத்தை நினைத்து அமிர்தவல்லிக்கு உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு பெரிய அசிங்கத்துக்குத் தானே கை நீட்டிக் கட்டுரையை வாங்கிக் கொடுத்திருக்கிறாளே!

ராக்காயி மெல்லத் திரும்பினாள். "டீச்சர், இது எம்மக எழுதுனதுதானே?"

"கடைசியில வந்தது அவ எழுதலம்மா. சத்தியமா எழுதல. அது ஹெட்மாஸ்டர் சேத்தது."

"அந்த ஐயாவுக்கு என்ன தெரியும்? எருமை மட்டும் வந்தது, நான் சேத்துக் காலோட ஓடியாந்தது, கூழைக் கொட்டாம வச்சது, இதெல்லாம் வீட்டுல இருந்தவளுக்குத்தானே தெரியும். அம்புட்டும் அவ எழுதுனா. இது ஒண்ணு மட்டும் வேற ஆளா டீச்சர்?"

"நான் சொல்றதைக் கேளுங்கம்மா. நானே படிச்சேன் அவ தாளை. அதுல இந்த வரி கெடையாது."

ராக்காயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். நல்ல மனசுக்காரி பொய் சொல்கிறாள், சொல்லட்டும் என்கிற மாதிரி ஒரு பொறுமை இருந்தது. மடியிலிருந்த கடலை முழுவதையும் பெஞ்சில் கொட்டினாள். ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அவகிட்ட எதுவும் கேட்டுப்புடாதீங்க டீச்சர். வாய் விட்டுச் சொல்ல மாட்டாம எழுத்துல எழுதிருக்கா. புள்ளைய விட்டுட்டுக் கூலிக்குப் போனவதானே நான்."

"அம்மா!"

"பஸ்ஸு போயிரும். வாரேன்."

அமிர்தவல்லி பதினோராம் வகுப்புக்கு ஓடி, "நிறுத்துங்க!" என்று கதவை அறைந்தாள். பிள்ளைகள் திடுக்கிட்டு நிறுத்தினார்கள். உருப்போடும்போது யாராவது நிறுத்தினால் எங்கோ தப்பு விட்டிருக்கிறோம் என்று அர்த்தம், தப்பு விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஹெட்மாஸ்டர் அப்படித்தான் பழக்கியிருந்தார். லீடர் பையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்த ராக்காயியின் முதுகுக்குப் பின்னால் மொத்த வகுப்பும் முன்னைவிடச் சத்தமாய், "என் தம்பி பெயர் மலையாண்டி!" என்று மறுபடி ஆரம்பித்தது.