ஏழாம் வார்டுக்கு இரண்டு வரிகள்

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். எதைக் கொடுத்தாலும் சலித்துக் கல் பொறுக்கிவிடுவாள். மருந்துக் கிடங்கு, வார்டு, நோயாளி என்று தனித்தனி டேட்டாபேஸ்களில் கிடக்கும் பதிவுகளைச் சுத்தம் செய்து ஒரே டேட்டா வேர்ஹவுஸில் சேர்ப்பதும், அதிலிருந்து மேலிடத்துக்கு ரிப்போர்ட் எடுப்பதும் அவள் வேலை. மனிதர்கள் பொய் சொல்வார்கள், டேட்டாபேஸில் வரிவரியாகப் பதிந்த டேபிள் சொல்லாது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிதான் அன்று அவளுக்கே எதிராகத் திரும்பியது.

சிக்கல், போதை தரக்கூடிய வலி நிவாரண ஊசி மருந்தில். ஏழாம் வார்டு அந்த மாதம் கிடங்கிலிருந்து எடுத்தது 418 குப்பி; நோயாளிகளுக்குப் போட்டது 207. மற்ற வார்டுகளில் எல்லாம் கச்சிதம். ஏழாம் வார்டில் மருந்துக்குப் பொறுப்பு, அங்கே நர்ஸாக இருக்கும் அவளுடைய சொந்தத் தங்கை. ஒரே வீட்டில், பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவள். மறுநாள் காலை பத்து மணிக்கு ரிப்போர்ட் நிர்வாகியின் மேசைக்குப் போக வேண்டும். போனால் தங்கையின் வேலை போகும், போலீஸும் வரும்.

சந்தேகம் வந்துவிட்டால் கண் சும்மா இருக்குமா? வெயில் கொளுத்தும்போதும் இரண்டு வாரமாக யூனிஃபார்முக்குள் முழுக்கை பனியன் போடுகிறாள் தங்கை. வீட்டுக்கு வந்ததும் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறாள். எதைக் கேட்டாலும் அரைகுறையாக முனகுகிறாள். ஊசித் தழும்பை மறைக்கத்தான் அந்த முழுக்கை என்று சல்லடை முடிவே கட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் தங்கை மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய கைப்பையை மேசையில் கொட்டினாள். சீப்பு, பேனா, சளி மாத்திரை அட்டை, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். குப்பி ஒன்றும் இல்லை. கையும் களவுமாக மாட்டியது அக்காதான்.

"என்னக்கா தேடுற?" துணிக் குவியலோடு வாசலில் நின்றாள் தங்கை.

"கையக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு. இந்த வெயில்ல எதுக்குடி முழுக்கை?"

தங்கை முதலில் முழித்தாள். நர்ஸ் அல்லவா, புரிய அதிக நேரம் ஆகவில்லை. முகம் வெளிறிப்போயிற்று. துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, இரண்டு கைகளிலும் பனியனைத் தோள்வரை சுருட்டி நீட்டினாள். ஒரு கொசுக்கடி இருந்தது.

"வார்ட மூணாவது மாடியிலேருந்து அஞ்சாவதுக்கு மாத்திட்டாங்கல்ல? அங்க ஏசி நேரா என் தலை மேல. குளிர் தாங்காமதான் இதப் போடறேன். சளி புடிச்சிருக்கு, மாத்திரை போட்டா தூக்கம் தூக்கமா வருது. போதுமா?"

மாத்திட்டாங்க. அதற்கு மேல் எதுவும் அக்கா காதில் ஏறவில்லை. லேப்டாப்பை இழுத்தாள்.

வார்டு டேபிளில் ஏழாம் வார்டுக்கு இரண்டு வரிகள்: மூன்றாம் மாடி ஒன்று, ஐந்தாம் மாடி ஒன்று. பழைய விவரம் அழியக்கூடாதென்று பழைய வரிக்கு முடிவுத் தேதி போட்டு, புது வரி சேர்த்தது சாட்சாத் சல்லடையேதான். ஆனால் அந்த டேபிளைக் கிடங்குப் பதிவோடு இணைத்து ஜாயின் செய்தபோது வார்டு எண்ணை மட்டும் பொருத்தியிருந்தாள், தேதியை மறந்துவிட்டாள். ஒவ்வொரு குப்பியும் இரண்டு வரிகளோடும் ஒட்டிக்கொண்டு இரண்டாக எண்ணப்பட்டிருந்தது. ஊசி போட்ட கணக்கு வார்டு டேபிளைத் தொடாமல் வந்ததால் அது மட்டும் சரியாக நின்றது. இத்தனை நாள் சலித்தவளுக்கு, திருடுகிறவள் ஏன் கிட்டத்தட்ட சரிபாதியாகத் திருட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

தேதியைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். 209. போட்டது 207. மிச்சம் இரண்டும் கைதவறி உடைந்தவை. உடைந்த அன்றே தங்கை தன் பெயரில் பதிந்திருந்தாள்.

சல்லடையை வெட்கம் பிடுங்கித் தின்றது. "தப்பு என்னோடதுடி. ஜாயின்ல..."

"உன் ஜாயின் எனக்கெதுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

தங்கை கைப்பையில் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

மறுநாள் ரிப்போர்ட் சரியாகப் போனது. "உன் ரிப்போர்ட்னா கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடலாம்மா" என்றார் நிர்வாகி. சாயங்காலம் தங்கை வேலை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கைப்பையை அக்காவின் முன் வைத்து ஜிப்பை முழுக்கத் திறந்தாள்.

"பாத்துக்கோ."

அதற்கு அடுத்த நாளும் வைத்தாள்.