பன்னிரண்டு குதிரை குறைவு

வெர்ன் கூபியாக் இஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் கையிலிருக்கும் காபி ஆறிப்போகும். அவ்வளவு கவனமாகக் கேட்போம். ஒஹாயோவில், டேட்டனுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில், ஆறு சிலிண்டர் மஸ்டாங் கார் வைத்திருப்பவர்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கிளப் நடத்துகிறோம். எட்டு சிலிண்டர்காரர்கள் எங்கள் வண்டிகளைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணுக்கு வாங்கிக் குடுத்த காரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்த எரிச்சல்தான் எங்களை ஒன்று சேர்த்தது. வேறு பெரிய லட்சியம் எதுவும் எங்களுக்குக் கிடையாது.

வெர்ன் ஒரு சரக்குக் கிடங்கில் முப்பது வருடம் மேற்பார்வையாளனாக இருந்தவன். கிடங்கை மூடிவிட்டார்கள். அதன்பின் அவனிடம் யாரும் எதற்கும் யோசனை கேட்பதில்லை. மகன்கள் இரண்டு பேரும் ஃபோனில் அம்மாவிடம்தான் பேசுவார்கள். எங்கள் கிளப்பில் மட்டும், "வெர்ன், அடுத்து என்ன மாட்டலாம்?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்போம். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்து வயது குறைந்துவிடும்.

அவன் சொன்ன வழி சுலபமானது. கம்பெனி வைத்த கறுப்பு ஏர்ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் சிவப்புக் குழாயும் அதன் நுனியில் திறந்த ஃபில்டரும் மாட்ட வேண்டும். பின்னால் பருத்த சைலன்சர் ஒன்று. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகுகிற சின்னப் பெட்டி ஒன்று, அதில் பச்சை விளக்கு மினுக்கும். எல்லாம் ஒரு சாதாரண ஆள் ஒரு மாதச் சம்பளத்தில் வாங்கிவிடக்கூடியவை.

"எட்டு சிலிண்டர்காரன் இஞ்சினுக்குக் கொட்டி அழுவுறான். நாம காத்தை வச்சே அவனை அடிக்கலாம்டா," என்பான். "இஞ்சின் மூச்சு விடணும், அவ்வளவுதான். அந்தப் பழைய பொட்டியைத் தூக்கி குப்பையில போடுங்க. வீட்டுல வச்சிருந்தா மனசு அலையும், திரும்ப மாட்டலாமான்னு தோணும். திரும்பிப் போற வழியே இருக்கக்கூடாது."

நாங்கள் போட்டோம். வாரக் குப்பை எடுக்க வருகிற லாரிக்குப் பக்கத்தில் நின்று நான் என் பெட்டியைத் தூக்கி எறிந்தபோது ஏதோ பெரிய தியாகம் செய்கிற மாதிரி இருந்தது. குழாய் மாட்டிய பிறகு வண்டி உறுமிய உறுமலில் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டதாம். நாற்பது குதிரைசக்தி கூடியிருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. சத்தம் கூடினால் வேகமும் கூடும் என்று நம்புகிற ஜாதி நாங்கள்.

லைல் ஸ்டோல்ட்ஸ் மட்டும் கேட்கவில்லை. வெர்னின் அதே வருட, அதே மாடல் வண்டிதான் அவனுடையதும். ஷோரூமிலிருந்து வந்தபடியே வைத்திருந்தான். "லைலோட வண்டி ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற வண்டிப்பா," என்று வெர்ன் சொன்னால் எல்லோரும் சிரிப்போம். லைலும் சிரிப்பான். சோம்பேறி, வேறொன்றுமில்லை.

இந்த வசந்தத்தில், ரோண்டா பிக்கெட்டின் பட்டறையில் ஒரு சனிக்கிழமை காலை டைனோ நாள் வைத்தோம். டைனோ என்பது தரையில் பதித்த பெரிய உருளை. வண்டியை அதன்மேல் ஏற்றிக் கட்டிப்போட்டு முழு வேகத்தில் ஓட்டினால், சக்கரத்துக்கு எத்தனை குதிரைசக்தி வருகிறது என்று திரையில் காட்டிவிடும். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உருளையில் ஏறுவதற்கு முன்னால் அவரவர் வண்டியின் முன்கண்ணாடியில், வெள்ளை ஷூ பாலிஷால், எவ்வளவு வரும் என்று எழுதிவிட வேண்டும். பிறகு உண்மையான எண்ணை மற்றவர்கள் சிவப்பில் அதற்குக் கீழே எழுதுவார்கள். வீடு போய்ச் சேரும்வரை அழிக்கக்கூடாது.

வெர்ன் தன் மஞ்சள் வண்டியில் 300 என்று எழுதினான். பெரிதாக, ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரியாத அளவுக்கு. அவன் மனைவி டார்லீன் அன்று முதல்முறையாக வந்திருந்தாள். இரண்டு பெட்டி டோனட் வாங்கி வந்து, எங்கள் ஒவ்வொருவர் பேரையும் கேட்டுக்கேட்டுக் கொடுத்தாள்.

"நீதான் கெண்ட்ராவா? உன்னைப் பத்தி நிறையச் சொல்லுவாரு. பொண்ணா இருந்தாலும் ஸ்பேனரை நல்லாப் பிடிக்குதுன்னு," என்றாள்.

"பொண்ணா இருந்தாலுமா?" என்று கெண்ட்ரா வெர்னைப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தோம். கெண்ட்ரா பள்ளி பஸ் ஓட்டுகிறவள். வேறு கார் கிடையாது. மழை, பனி, எதுவானாலும் அந்த மஸ்டாங்கில்தான் வேலைக்குப் போய்வருவாள். வெர்ன் சொன்னதையெல்லாம் முதலில் மாட்டியவள் அவள்தான்.

லைல் முதலில் ஏறினான். கண்ணாடியில் "தெரியாது" என்று எழுதியிருந்தான். அது விதிக்கு விரோதம் என்று சத்தம் போட்டோம். 266 வந்தது. சர்ச்சு வண்டிக்கு மோசமில்லை என்று கைதட்டினோம்.

அடுத்தது வெர்ன். ரோண்டா வண்டியைக் கட்டிவிட்டு பானெட்டை அறைந்து மூடினாள்.

"திறந்தே இருக்கட்டுமே, ரோண்டா. அதுக்குக் காத்து வேணும்," என்றான் வெர்ன்.

"ரோட்டுல பானெட்டைத் தூக்கிக்கிட்டா ஓட்டுற? என் கடையில எல்லாருக்கும் மூடித்தான்," என்றாள். ரோண்டாவின் குரல் பட்டறைக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கும். மெதுவாகப் பேச அவளுக்குத் தெரியாது.

வண்டி அலறியது. தகரக் கூரை அதிர்ந்தது. டார்லீன் காதைப் பொத்திக்கொண்டு பெருமையாகச் சிரித்தாள். சத்தம் அடங்கியதும் எல்லோரும் திரையைப் பார்த்தோம்.

254.

லைலின் வண்டியைவிடப் பன்னிரண்டு குதிரை குறைவு.

"உன் மிஷின்ல ஏதோ கோளாறு," என்றான் வெர்ன்.

"அப்படியா? லைல், ஏத்துடா மறுபடியும்," என்றாள் ரோண்டா. லைல் ஏற்றினான். 266. வெர்ன் மறுபடியும் ஏற்றினான். இந்த முறை 251. ரோண்டா பானெட்டைத் திறந்து அந்தத் திறந்த ஃபில்டர்மேல் கையை வைத்து, உடனே எடுத்துக்கொண்டாள்.

"தொட்டுப் பாரு. இஞ்சினோட சூட்டையே இது திரும்பக் குடிக்குது. கம்பெனிக்காரன் பொட்டி வெளியிலேருந்து குளிர்ந்த காத்தை எடுக்கும். அதைக் கழட்டிட்டு நீ அடுப்புக்குள்ள மூக்கை வச்சிருக்க. அந்தப் பச்சை விளக்குப் பொட்டி விளக்கு எரியிறதைத் தவிர ஒண்ணும் பண்ணாது. சத்தம் மட்டும் அமோகம்!"

வெர்னின் முகத்தில் ஈயாடவில்லை. என்னால் அவனைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வரிசையில் அடுத்து நின்றது என் வண்டி. அதே சிவப்புக் குழாய். நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "எனக்கு இன்னிக்கு டயர் சரியில்ல," என்றேன். எனக்குப் பின்னால் நின்றவன் அவசரமாக ரிவர்ஸ் எடுத்தான். ஒருவருக்குத் திடீரென்று மாமியார் வீட்டு ஞாபகம் வந்தது. கண்ணாடியில் 295, 305 என்று எழுதியிருந்த வீரர்கள் எல்லாம் சட்டை முனையால் பாலிஷைத் துடைக்க ஆரம்பித்தார்கள். வெட்கக்கேடு, ஆனால் நானும் துடைத்தேன்.

கெண்ட்ரா மட்டும் நகரவில்லை. "அந்தப் பழைய பொட்டியை மாட்டினா சரியாயிடுமா?" என்று ரோண்டாவைக் கேட்டாள்.

"பத்து நிமிஷ வேலை. யார்கிட்டயாவது இருந்தா இப்பவே காட்டுறேன்."

எங்கள் யாரிடமும் இல்லை. லைல் தன் வண்டியின் பானெட்டைத் திறக்கப் போனான். "என்னோடதைக் கழட்டிக்கங்கப்பா. ஆனா திருப்பி மாட்டிக் குடுக்கணும், எனக்கு மாட்டத் தெரியாது."

அப்போதுதான் டார்லீன், கையில் டோனட் பெட்டியோடு, முன்னால் வந்தாள்.

"லைலோடது எதுக்கு? எங்ககிட்டயே இருக்கே. கறுப்பா, மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, அதுதானே? கராஜ்ல மேல் பரண்ல இருக்கு. நல்ல கம்பளியில சுத்தி வச்சிருக்காரு."

"டார்லீன், வேணாம்," என்றான் வெர்ன்.

"அஞ்சு நிமிஷம்தான் வெர்ன், வீடு பக்கத்துலதானே, நான் போய் எடுத்துட்டு வந்துடுறேன்," என்றாள். எங்களைப் பார்த்து, "ஒரு தடவை நான் அதைப் பழைய சாமான்காரனுக்குப் போடப் போனேன். அப்படிக் கத்தினாரு! உயிரே போனாலும் அதைத் தொடாதேன்னாரு," என்றாள். உதவப்போகிற சந்தோஷத்தில் கிட்டத்தட்ட ஓடினாள்.

அவள் திரும்பிவரும்வரை பட்டறையில் நின்ற மாதிரியான நேரம் யாருக்கும் வர வேண்டாம். அவரவர் செருப்பையும் ஷூவையும் பார்த்துக்கொண்டு நின்றோம். வெர்ன் தன் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓடிவிடலாமென்றால் வண்டி உருளையில் கட்டிக்கிடக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய், "உனக்கு முன்னாடியே தெரியுமாடா?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"பின்ன எதுக்கு வச்சிருந்த?"

"இந்தக் கடை நாலு வருஷமா இங்கதான் இருக்கு. எப்ப வேணா வந்து ஏத்திப் பாத்திருக்கலாம். தெரிஞ்சுடுமோன்னு பயம்டா," என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. அடித்திருப்பேன் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அந்த நாலு வருடத்தில் நானும் இந்தக் கடை வாசல் வழியாகத் தினம் போய்வந்தவன்தான். எனக்கும் அந்த உறுமல் போதுமாக இருந்தது. கோபத்தை அப்படியே விழுங்கிக்கொண்டு தள்ளி நின்றேன்.

டார்லீன் கம்பளிச் சுருளைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிரித்தால், பெட்டியில் ஒரு கீறல் இல்லை. இணைப்புகளுக்கு எண்ணெய் தடவி, போல்ட்டுகளைத் தனியாக ஒரு பையில் கட்டி, பையை மேலே ஒட்டி வைத்திருந்தான். ரோண்டா அதை வாங்கிக்கொண்டாள். மாட்டினாள். ஓட்டினாள். 265 வந்தது. டார்லீன் மட்டும் கைதட்டினாள். ஒற்றைக் கைதட்டல் அந்தத் தகரக் கூரைக்குள் எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு மூன்று தட்டலுக்குப் பிறகு அவளும் நிறுத்திவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

வெர்ன் ஸ்பேனரை எடுத்தான். வண்டி சூடு ஆறக்கூட விடவில்லை. விரல் சுடச்சுடப் பெட்டியை மறுபடியும் கழற்றி, அதைக் கொண்டுபோய்க் கெண்ட்ராவின் முன்னால் நீட்டினான்.

"நீ வச்சுக்க. இப்பவே மாட்டித் தரேன். உனக்குத்தான் தினம் வண்டி வேணும்."

கெண்ட்ரா கையை நீட்டவில்லை.

"நான் என்னோடதைக் குப்பையில போடும்போது உங்களுக்கு ஃபோன் பண்ணினேன், ஞாபகம் இருக்கா? நிஜமாப் போட்டுடலாமான்னு ரெண்டு தடவை கேட்டேன். 'போடு, கெண்ட்ரா, பயந்தாங்கொள்ளி மாதிரி இருக்காதே'ன்னீங்க," என்றாள். குரலை உயர்த்தவேயில்லை. "எனக்கு இது வேணாம். உங்களுக்குன்னு வச்சுக்கிட்டது. நீங்களே வச்சுக்கங்க."

வெர்ன் அந்தப் பெட்டியைப் பிடித்தபடி நடுவில் நின்றான். கீழே வைக்கவும் இல்லை, திரும்ப எடுத்துப் போகவும் இல்லை.

"ஏன் யாரும் வாங்கிக்க மாட்டேங்குறீங்க? புதுசு மாதிரி இருக்கே," என்றாள் டார்லீன். பிறகு கணவனைப் பார்த்து, "என்ன ஆச்சு வெர்ன்? நான் எடுத்துட்டு வந்தது தப்பா?" என்றாள்.

அவளுக்கு அவன் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றிருக்கலாம். சொன்னான், எங்கள் எல்லோர் முன்னாலும்.

"இவங்க எல்லாரையும் தூக்கிப் போடச் சொன்னேன் டார்லீன். நான் மட்டும் போடல."

டார்லீனுக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவள் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்தது. காலையிலிருந்து பேர் பேராகக் கேட்டு டோனட் கொடுத்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பார்க்க முடியாமல் நாங்கள் தலையைத் திருப்பிக்கொண்டோம். அவள் கெண்ட்ராவிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோ, கண்ணு," என்றாள். "எங்களை மன்னிச்சுக்கோ."

அந்த வார்த்தையை அன்று காலை முழுக்க வெர்ன் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவனுக்கும் உறைத்தது என்று நினைக்கிறேன். வாயைத் திறந்தான். ஆனால் அவள் ஏற்கனவே சொல்லி முடித்திருந்தாள்.