பித்தளை மூக்கு

அத்தானுக்கு ஒரு கை வாங்கலாம் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையையும் விட்டுவிட்டு நானும் என் மனைவி பிலோமினாவும் பிளேஸ்டோவில் ரயில் ஏறினோம். வெடிக்காத குண்டுகளையும், அவற்றில் அகப்பட்டுத் தப்பியவர்களை மறுபடி நடமாட வைக்கும் சிகிச்சையையும் பற்றி ஒரு காட்சியகம் இருக்கிறது, அங்கே புதுவகைச் செயற்கைக் கைகள் வைத்திருக்கிறார்கள் என்று என்னோடு வேலை செய்பவன் சொல்லியிருந்தான். என் சட்டைப்பையில், அத்தானைக் கட்டிய என் லூர்தக்கா ஊரிலிருந்து எழுதி அனுப்பிய துண்டு இருந்தது. முழங்கையிலிருந்து ஆறரை அங்குலம், சுற்றளவு எட்டே கால். அத்தான் தையற்காரர். காற்சட்டைக்குச் சொல்வதுபோலவே தன் மொட்டைக் கைக்கும் அளவு சொல்லியிருக்கிறார்.

பிலோமினாவுக்கு வர விருப்பமில்லை. "கண்காட்சியிலை கை விக்கமாட்டினம். ஆஸ்பத்திரியிலை விசாரிப்பம்" என்று இரண்டு நாளாகத் தட்டிக்கழித்தாள். ரயில் காசுக்குப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அத்தானின் வலது கை போனது இரண்டு வருடத்துக்கு முன், சண்டை ஓய்ந்த சமாதான காலத்தில். குருநகரில் வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் கிடந்த ஏதோ ஒன்றை எடுத்துப் பார்த்தாராம். செய்தி வந்த நாளிலிருந்து நான் அவரை விட்டதில்லை. தொலைபேசி எடுத்தால் முதலில் அந்தப் பாட்டுத்தான். "கண்டதையும் தொடக்கூடாதெண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அம்பது வயசிலை உங்களுக்கு ஏன் அத்தான் இந்த வேலை?" அவர் "ஓமடா, என்ர புத்தி" என்பார். அந்தப் பணிவு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும். கலியாண வீடுகளில் நாலு பேர் கூடினால் அவருடைய மடைத்தனத்தை நான் கதையாகவே சொல்லுவேன். எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கும் அதில் ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

முதல் மண்டபம் முழுக்கக் குண்டுகள். மூன்றாவது கண்ணாடிப் பெட்டியில், கூம்பு வடிவில் ஒரு பித்தளைச் சாமான் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றை நெடுக்காக அறுத்து உள்ளே இருப்பதைக் காட்டியிருந்தார்கள். உண்மையில் எனக்குச் சந்தோசம்தான் வந்தது, ஊர்க்காரன் ஒருவனைக் கண்டதுபோல.

"இஞ்சை பார், அத்தான்ர கடையிலை இருந்த சாமான்!"

தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து திரும்பிவந்தபோது எங்கள் வீட்டு வளவில் நான்தான் அதைக் கண்டெடுத்தேன். புளி போட்டு மினுக்கி, வெட்டும்போது துணி நழுவாமல் இருக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று அத்தானுக்குக் கொடுத்தேன். அவர் அதனால் பிரஸ் பட்டனும் அடிப்பார். கடைக்கு வருகிறவர்கள் தூக்கிப் பார்ப்பார்கள். "மச்சான் தந்தது" என்பார்.

பிலோமினா என் கையைப் பிடித்து இழுத்தாள். "கையெல்லாம் மேலையாம். வாங்கோ."

பெட்டிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான் விளக்க அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தேன். பீரங்கிக் குண்டின் மூக்கு அது. குண்டு இல்லாமல் தனியே கிடந்தாலும் உள்ளே வெடிமருந்து இருக்கும். எத்தனை வருடம் போனாலும் ஒரு தட்டு போதும். ஒரு மனிதனின் கையைக் கொண்டுபோய்விடும்.

திரும்பிப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்குத் தெரியுமோ?"

"எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "அத்தான்தான் உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டவர். அப்ப உங்கட அகதிக் கேஸ் றிஜெக்ற் ஆகி, நித்திரையில்லாமல் திரிஞ்சனீங்கள்."

"அப்ப ஒழுங்கையிலை எடுத்தது?"

"ஒழுங்கையிலை ஒண்டும் எடுக்கேல்லை. பட்டன் அடிச்சவர்."

கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டேன். ஆறு வருடம் அவர் அதனால் பட்டன் அடித்திருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் அவருக்கு ஏசியிருக்கிறேன். ஒரு தரமாவது, ஒரே ஒரு தரமாவது அவர் கோபத்தில் வாய் தவறியிருக்கக்கூடாதா? மற்றக் கையால் போனை எடுத்து அத்தானுக்கு அடித்தேன்.

"பீற்றரோ? கை பாத்தனியோ?"

"அத்தான், அந்தப் பித்தளை..."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"ஏசுங்கோ அத்தான். என்னெண்டாலும் ஏசுங்கோ."

"அது நல்ல பாரமடா" என்றார் மெதுவாக. "எந்தத் துணியும் அசையாது."

தூரத்தில் லூர்தக்காவின் குரல் கேட்டது. "ஆரப்பா? என்னவாம்?"

"தம்பிதான். ஒண்டுமில்லை, நல்ல கையொண்டு கண்டவனாம்" என்று அவளுக்குச் சொன்னார்.

பிலோமினா என் தோளைத் தொட்டாள். கண்ணாடியிலிருந்து வலது கையை எடுத்தேன். உள்ளங்கையும் ஐந்து விரல்களும் வியர்வையில் அப்படியே பதிந்திருந்தன. கொஞ்ச நேரத்தில், ஓரத்திலிருந்து ஒவ்வொரு விரலாக அது மறையத் தொடங்கியது.