யார் காதில் விழுந்தது?

எழுந்தான். அலாரத்தை அணைத்தான். அது அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுவான், அடிக்கும்வரை படுத்திருப்பான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு சட்டைக்கு இஸ்திரி போட்டான். காலரும் முன்பக்கமும் மட்டும். முதுகும் கைகளும் வெள்ளை அங்கிக்குள் போய்விடும். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் பார்ப்பது காலரைத்தான். பாதி முடிந்தபோது இன்று கண்ணாடிக் கடைக்கு விடுமுறை என்பது நினைவுக்கு வந்தது. மீதியையும் போட்டு முடித்தான்.

மனைவி இறந்துபோனபிறகு காலைகள் இப்படித்தான். "அழுதுடுங்க மாப்ள, பாரம் குறையும்" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் போடுகிற ஊசியை உடம்பு முழுக்கப் போட்டதுபோல இருந்தது.

அழைப்பு மணியை யாரோ விடாமல் அழுத்தினார்கள். அப்படி அழுத்துகிற ஆள் ஒருத்திதான். மனைவியின் தங்கை. மைனா என்று பெயர் வைத்ததே அக்காதான்; வாய் ஓயாது என்பதால் வைத்தது. மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, உங்க வீட்டுல நெட்டு வருதா?"

"உங்க வீட்டுல வரலையா?"

"நெட்டு இருக்கு, நிம்மதி இல்ல. அம்மா பின்னாடியே நின்னு வாசிக்கறாங்க. நான் ஒரு வரி அடிக்கறதுக்குள்ள அவங்க ரெண்டு வரி அழுதுடறாங்க."

உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்தாள். சட்டக் கல்லூரி விண்ணப்பம். ஒரு இடத்துக்கு ஊரே வரிசையில் நிற்கிற கல்லூரி அது. நுழைவுத் தேர்வில் அவள் வாங்கியிருந்தது வாசற்படி மதிப்பெண். உள்ளேயும் தள்ளலாம், வெளியேயும் தள்ளலாம். தள்ளப்போவது ஒரு கட்டுரை: 'நீங்கள் ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர்கள்?' இன்று மாலையோடு விண்ணப்பம் மூடுகிறது.

"இது போச்சுன்னா அப்பா பாத்து வச்சிருக்கற கணக்குப் படிப்புதான் மாமா. அங்க போனா கணக்கும் உருப்படாது, நானும் உருப்பட மாட்டேன். எழுத்துப்பிழை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தான்.

'"தங்கச்சியை எப்படியாவது வக்கீலாக்கிடுங்க." மருத்துவமனையில் என் அக்கா கடைசியாகச் சொன்ன சொற்கள் இவை.'

அந்த வாக்கியம் அவனுக்குப் புதிதல்ல. காரியம் முடிந்த வாரத்திலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மாமியார் சொல்வார், மாமியாரின் தங்கை சொல்வார், எதிர் வீட்டுக்காரர்கூடச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் அவன் தலையாட்டுவான். மனைவியோடு கடைசியாக இருந்தவன் அவன்தான். ஆனால் யாரும் அவனிடம் கேட்டதில்லை. எல்லாரும் அவனுக்குச் சொன்னார்கள்.

"எழுத்துப்பிழை இல்ல" என்றான்.

"முதல் வரி எப்படி?"

"முதல் வரி யாரு சொல்லிக் குடுத்தது?"

"'முதல் வரி'தான்." வாரம் ஒருநாள் காணொளியில் வந்து விண்ணப்ப ஆலோசனை சொல்பவருக்கு அவள் வைத்த பட்டப்பெயர் அது. அவர் வேறு எதையும் பேசமாட்டார். "படிக்கறவங்க கண்ணு முதல் வரியிலயே கலங்கணுமாம். கலங்கலேன்னா அடுத்த கட்டுரைக்குப் போயிடுவாங்களாம். நான் அக்காவப் பத்திச் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் பல்லு. 'இத வச்சுக்கிட்டா கவலைப்படறே?'ன்னாரு."

அவள் நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரு சந்தேகம். அக்கா என்னைத் தங்கச்சின்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தான். "மைனா."

"அப்புறம்?"

"வாயாடி. பிசாசு. கோவம் வந்தா உங்கம்மா பொண்ணு."

"அதான்! பொறந்ததுலேருந்து ஒரு தடவை தங்கச்சின்னு சொன்னதில்ல. 'ஆக்கிடுங்க'ன்னு வேற மரியாதையா. உங்களயே வா போன்னு பேசறவ. அதுக்கு அம்மாகிட்ட வாங்காத திட்டா? ராத்திரி இந்த வரிய அடிச்சதுலேருந்து செருப்புக்குள்ள கல்லு கெடக்கற மாதிரி இருக்கு. நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. உங்ககிட்ட இப்படிச் சொன்னாளா?"

"இல்ல."

அவள் அதிரவில்லை. முன்னால் சாய்ந்தாள். "அப்ப இது யார் காதுல விழுந்துச்சு?"

கேள்வி அவனையும் தொட்டது. இத்தனை நாளும் அந்த வாக்கியம் சுவரில் மாட்டின படம்போல இருந்தது. ஆணி அடித்தது யார் என்று அவன் யோசித்ததே இல்லை. அவளுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் ஏற்கெனவே அம்மாவை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள்.

"என்னடி, அனுப்பிட்டியா?"

"இல்லம்மா. அக்கா கடைசியா சொன்னத நீ உன் காதால கேட்டியா?"

"நான் எங்கடி கேட்டேன்? நான் கீழ டாக்டரப் பாக்கப் போயிருந்தேன். உன் சித்திதான் சொன்னா. அவதான வராண்டாவுல உக்காந்திருந்தா."

சித்தியை அழைத்தாள்.

"நானா? நான் மருந்துக்கடை வரிசையில நின்னுட்டிருந்தேன்டி. உங்கம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். ஏன், கட்டுரையில என் பேரும் வருதா?"

"வராது சித்தி."

"போட்டா என்ன, கொறஞ்சா போயிடுவே?"

மைனா தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. "கருப்பா வாந்தி எடுத்தான்னா காக்காவா வாந்தி எடுத்தான்னு சொல்லுவாங்க" என்றான். "இங்க வாந்தியே எடுக்கல."

"அம்மாவுக்குச் சித்தி சாட்சி, சித்திக்கு அம்மா சாட்சி. நீதிபதி மட்டும்தான் பாக்கி."

மறுபடி அம்மாவை அழைத்தாள். சித்தி சொன்னதை அப்படியே சொன்னாள்.

"இப்ப எதுக்குடி இத நோண்டறே? சொல்லியிருப்பா. அவ மனசுல அதானே இருந்துச்சு. உங்கப்பா பிடிச்ச பிடியில நின்னாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இறங்கி வந்தாரு. பெத்தவ நான், எனக்குத் தெரியாதா அவ என்ன சொல்லியிருப்பான்னு?" குரல் உடைந்தது. "மாப்ள சாப்டாராமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

மைனா வெகுநேரம் நகத்தைக் கடித்தாள்.

"வக்கீலாக வேண்டியது நான் இல்ல மாமா, எங்கம்மாதான். இல்லாத சாட்சிய வச்சு அப்பாகிட்ட கேஸே ஜெயிச்சுட்டாங்க."

"அவங்கமேல கோவமா?"

"கோவம் வரல. எனக்காகத்தானே பண்ணாங்க. ஆனா இத இப்ப என்ன பண்றது? போட்டா உள்ள போயிடுவேன்னு தோணுது. எடுத்தா என்கிட்ட வெறும் மார்க்குதான் இருக்கு."

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அவனுக்குத் தெரிந்தது அவன் தொழில் மட்டுமே.

"கண்ணு பரிசோதிக்கற பலகை இருக்குல்ல? கடைசி வரிசை சிலருக்குத் தெரியாது. காத்திருக்கறப்பவே முன்னாடி ஆள் படிக்கறத மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிப்பாங்க. நானும் ஏமாந்திருக்கேன்."

"அப்புறம்?"

"கண்ணாடி வேண்டாம்னு சந்தோஷமாப் போவாங்க. கடைவாசல் படியில தடுக்குவாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "கட்டுரைக்கப்புறம் நேர்காணல் இருக்கு. அங்க உக்காந்திருக்கறவங்க எல்லாரும் சட்டம் சொல்லிக் குடுக்கறவங்க. ஒரே கேள்விதான் கேப்பாங்க. 'நீங்க கேட்டீங்களாம்மா?' நான் என்ன சொல்லுவேன்? எங்கம்மா கேட்டாங்க, எங்கம்மாகிட்ட எங்க சித்தி, எங்க சித்திகிட்ட எங்கம்மான்னா?"

முதல் வரியைத் தேர்ந்தெடுத்தாள். அழித்தாள். அந்த வரியை நம்பித்தான் மற்றவை நின்றன. அவற்றையும் அழித்தாள். வெள்ளைத் திரையில் கோடு மட்டும் மினுக் மினுக்கென்றது.

"போச்சு" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "நிஜமா என்ன சொன்னா மாமா?"

அவன் இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

"பெருசா ஒண்ணுமில்ல."

"பெருசா இருக்கணும்னு கேக்கல."

"கட்டுரைக்கு ஆகாது மைனா."

"கட்டுரை கெடக்கட்டும். எனக்குத் தெரியணும்."

அந்த வார்த்தைகள் அவனிடம் மட்டுமே இருந்தன. வெளியே விட்டால் அவையும் மற்றதைப்போல வாய்க்கு வாய் மாறி அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று பயமாக இருந்தது. ஆனால் இவள் இல்லாததை அழித்துவிட்டு அல்லவா கேட்கிறாள்? வயரைக் கீழே வைத்தான்.

"ஸ்ட்ரெச்சர்ல கூட்டிட்டுப் போனாங்க. அறுவை சிகிச்சைக்கு. வராண்டா முடியற இடத்துல ஒரு கதவு. ஏதோ கையெழுத்து பாக்கின்னு அங்க நிறுத்திட்டாங்க."

"என்ன மாதிரி கதவு?"

"ரெட்டைக் கதவு. பச்சை பெயின்ட். மேல ஒரு பலகை, 'இந்தக் கதவை எப்போதும் மூடி வைக்கவும்'னு. ஆனா ஒரு கதவு திறந்திருந்துச்சு. சாத்திக்காம இருக்க ஒரு நாற்காலிய முட்டுக் குடுத்திருந்தாங்க."

"எந்த மாதிரி நாற்காலி?"

"பிளாஸ்டிக். நீலம். ஒரு கால் விரிசல் விட்டு, டேப்பு சுத்தியிருந்துச்சு." இவ்வளவும் தனக்கு நினைவிருப்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "உங்கக்கா தலையத் தூக்கிப் பலகையப் பாத்தா. அப்புறம் நாற்காலியப் பாத்தா. சிரிச்சா. பயமே இல்ல அவளுக்கு. எனக்குத்தான் பயம். அப்ப ஒண்ணு கேட்டா. நான் சரின்னேன். உள்ள கொண்டுபோயிட்டாங்க. அவ்ளோதான்."

"என்ன கேட்டா?"

"அவ கேட்டத நான் யார்கிட்டயும் விசாரிக்கல. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல."

"நாளைக்குப் போவோம். ரெண்டு பேரும். ஆஸ்பத்திரி எங்க ஓடிடப் போகுது?" விசைகளின்மேல் விரல்களை வைத்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் நேராகப் பார்த்தாள். "இப்ப சொல்லுங்க. அவ சொன்ன மாதிரியே. ஒரு வார்த்தை கூட்டாம, குறைக்காம."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவனுக்கு வலித்தது. மனைவி சொன்னதுபோலவே சொன்னான்.

"மூடி வைன்னு பலகை மாட்டினது யாரு, திறந்தே இருக்கட்டும்னு நாற்காலி போட்டது யாரு? நான் வர்றதுக்குள்ள கேட்டு வை."